டெண்டர் பெட்டியில் விழாத கவர்

கள்ளக்குறிச்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் பருத்தியோ மக்காச்சோளமோ கொண்டுபோன விவசாயிக்கு டெண்டர் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அங்கே நடப்பது மறைமுக ஏலம். கொட்டி வைத்த குவியலை வியாபாரிகள் கையால் அள்ளிப் பார்ப்பார்கள், ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார்கள், முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ஒரு சீட்டில் விலையை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்பது தெரியாது. நேரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து அதிக விலை எது என்று சொல்வார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி விற்க மறுத்துவிடலாம்.

அரசாங்கம் ரோடு போடவும் பள்ளிக்கூடம் கட்டவும் ஆள் தேடுவது இதே சீட்டு விளையாட்டுதான். கொஞ்சம் தலைகீழ். அங்கே அதிகம் எழுதியவர் ஜெயிக்கிறார், இங்கே குறைவாக எழுதியவர். ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. விற்பனைக் கூடத்தில் சரக்கு கண்ணெதிரே கிடக்கிறது. டெண்டரில் சரக்கு இன்னும் உண்டாகவே இல்லை. இல்லாத ரோட்டுக்கு விலை எழுத வேண்டும். அப்படியானால் எதைப் பார்த்து நம்புவது? ஆளைப் பார்த்து. ஆளை எப்படித் தெரிந்துகொள்வது? காகிதத்தைப் பார்த்து. டெண்டரின் அத்தனை விதிகளும், அத்தனை வில்லங்கமும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

பி.காம். படிக்கிற எல்லாரும் வணிகச் சட்டத்தில் இதைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். பேப்பரில் வரும் டெண்டர் நோட்டீஸ் 'ஆஃபர்' அல்ல. ஆஃபர் கொடுங்கள் என்ற அழைப்பு மட்டுமே. ஜவுளிக்கடை கண்ணாடிக்குள் சட்டையை மாட்டி விலைச்சீட்டைத் தொங்கவிடுவது மாதிரி. கான்ட்ராக்டர் கவரில் வைத்துக் கொடுப்பதுதான் ஆஃபர். அரசு எழுத்தில் சரி என்றால் அது ஏற்பு. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்பு முடிவதற்குள் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். எல்லாரும் இப்படிக் கடைசி நேரத்தில் நழுவிவிட்டால்? அதற்காகத்தான் முன்வைப்புத் தொகை, பேச்சுவழக்கில் இ.எம்.டி., முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பரீட்சைக்கு இவ்வளவு போதும். 5 மார்க் நிச்சயம் :-)

பரீட்சைக்கு வெளியே வருவோம். ஒரு மேஸ்திரியை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், பெயர் வேண்டாம். ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஒரு மலையாளிக் குக்கிராமம். (கேரளாக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடி மக்களுக்குத்தான் மலையாளி என்று பெயர்.) இருபது வருஷமாக ரோட்டு வேலை. பதினைந்து பேர் கொண்ட செட்டு. எந்த வளைவில் மழைத் தண்ணீர் ரோட்டை அரித்துக்கொண்டு போகும், எங்கே கல்வெட்டுப் பாலம் வைத்தால் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குக் கையில் ரேகை மாதிரி. ஆனால் இதுவரை ஒரு வேலைகூட அவர் பெயரில் நடந்ததில்லை. கீழேயிருந்து யாராவது டெண்டர் எடுப்பார்கள், அவர்களிடம் இவர் 'சப்'.

அவருடைய ஊருக்கே ஒன்றரை கிலோமீட்டர் தார் ரோடு போட டெண்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தடவை நாமே போட்டுப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றுகிறது.

டெண்டர் என்பது நோட்டீஸில் தொடங்குவதில்லை, எஸ்டிமேட்டில் தொடங்குகிறது. ஒரு கன மீட்டர் ஜல்லிக்கு எவ்வளவு, ஒரு ஆள் கூலி எவ்வளவு என்று அரசிடம் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. இன்ஜினியர் அளவுகளை எடுத்து இந்த விலைகளால் பெருக்குவார். மலை என்றால் கூடுதல் சதவீதம் சேர்க்க இடம் உண்டு. அதோடு 'லீட்' என்று ஒரு கணக்கு. குவாரியிலிருந்து வேலை நடக்கிற இடம்வரை ஜல்லியைக் கொண்டுவரும் தூரத்துக்கான செலவு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் லாரிக்கு இந்த லீட்தான் உயிர். சமவெளியில் ஜல்லி வாங்குகிற செலவு பெரிது, ஏற்றி வருவது சிறிது. மலையில் அது அப்படியே மாறிவிடும். லாரி போகிற இடம்வரை ஒரு விலை, அதற்கப்புறம் டிராக்டரில் மாற்றி ஏற்றினால் இன்னொரு விலை. இது எஸ்டிமேட்டில் சரியாக விழவில்லை என்றால், பின்னால் வரும் அத்தனை விதிகளும் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் பிரயோஜனம் இல்லை. டெண்டர் போட ஆள் வராது.

அந்த விதிகளைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாடு கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தப் புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று 1998லேயே இங்கே தனிச் சட்டம் போட்டாகிவிட்டது, விதிகள் 2000ல் வந்தன. மத்தியில் 2012ல் கொண்டுவந்த பொதுக் கொள்முதல் மசோதா சட்டமாகாமலே காலாவதியானது.

சட்டத்தின் எண்ணம் எளிமையானது. டெண்டர் கேட்கிற அதிகாரி யார், ஏற்கிற அதிகாரி யார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அறிவிப்பை டெண்டர் புல்லட்டினில் போட வேண்டும். 2000ஆம் ஆண்டு விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரைக்குமான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். முன்வைப்புத் தொகை வேலை மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பெட்டியைத் திறக்கும்போது டெண்டர் போட்டவர்கள் வந்து நிற்கலாம். எத்தனை கவர் என்று எண்ண வேண்டும். யார் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் வந்திருப்பவர்களிடம் கையெழுத்து.

இதில் அந்தச் 'சத்தமாக வாசிக்க வேண்டும்' என்பது ரொம்ப முக்கியம். வாசித்துவிட்டால் அந்த எண் அறையில் இருக்கும் பத்துப் பேர் காதில் ஏறிவிடுகிறது. அப்புறம் ராத்திரியில் கவரை மாற்ற முடியாது. இதற்காக மெனக்கெட்டுச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் முன்னால் என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இப்போது டெண்டர்கள் இணையத்துக்குப் போய்விட்டன. அரசின் மின்கொள்முதல் தளத்தில் டிஜிட்டல் கையெழுத்தோடு ஏற்ற வேண்டும். பெட்டி கிடையாது. ஆபீஸ் வாசலில் நான்கு பேர் நின்றுகொண்டு வேறு யாரையும் கவர் போட விடாமல் மறிப்பது, பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று தினசரிகளில் படித்ததெல்லாம் இதனால் குறைந்தது. கண்டிப்பாக நல்ல மாற்றம்தான். ஆனால் மேட்டில் ஏறி நின்றால்தான் செல்போன் சிக்னல் வரும் என்கிற ஊர்க்காரர் இதற்காகக் கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரரை நம்ப வேண்டும். மறிக்கிற ஆள் போய்விட்டார், நடுவில் நிற்கிற ஆள் வந்துவிட்டார்.

சரி, மேஸ்திரி டெண்டர் போடக் கிளம்பிவிட்டார். என்னென்ன கேட்பார்கள்?

முதலில் பதிவு. எத்தனை லட்சம்வரை வேலை எடுக்கலாம் என்பதைப் பொறுத்துக் கான்ட்ராக்டர்களுக்கு வகுப்புகள் உண்டு. பதிவு செய்யச் சொத்து மதிப்புச் சான்று, அதாவது சால்வன்சி வேண்டும். நிலத்தைக் காட்டி வாங்க வேண்டும். நிலம் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து சாமையும் மரவள்ளியும் விளைகிற நிலம். பட்டாதான் இல்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும். கல்வராயன் மலை 1976வரைக்கும் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்துத்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. காடு எது, சாகுபடி நிலம் எது என்ற கணக்கு அதற்கப்புறம்தான் எழுதப்பட்டது. தலைமுறையாக உழுத நிலம் ஆவணத்தில் காடாக இருப்பது இந்த மலையில் அதிசயம் இல்லை. ஆகவே மேஸ்திரியின் சொத்து கண்ணுக்குத் தெரிகிறது, காகிதத்தில் தெரியவில்லை.

அடுத்தது அனுபவம். இதே மாதிரி வேலையை ஏற்கெனவே முடித்ததற்குச் சான்று. இருபது வருஷ அனுபவம் இருக்கிறதே! ஆனால் சான்று வேலையை எடுத்தவர் பெயரில்தான் வரும், செய்தவர் பெயரில் வராது. மேஸ்திரி போட்ட ஒவ்வொரு ரோடும் இன்னொருவருடைய தகுதியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. ரோடு ரோலர், தார் கலவை இயந்திரம் சொந்தமாகவோ வாடகை ஒப்பந்தத்திலோ இருக்கிறதா, கடந்த வருஷங்களின் வரவு செலவு என்ன, வருமான வரிக் கணக்கு எங்கே என்று பட்டியல் நீளும்.

இவையெல்லாம் முதல் கவரில். விலை இரண்டாவது கவரில். இரண்டு கவர் முறை என்பார்கள். முதல் கவரில் தேறினால்தான் இரண்டாவதைத் திறப்பார்கள். தேறவில்லை என்றால் விலைக் கவர் திறக்கப்படாமலே போய்விடும். ஊரின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தவர் அந்த ரோட்டுக்கு எவ்வளவு கேட்டிருப்பார் என்பது அரசாங்கத்துக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை.

இந்த நிபந்தனைகள் வேண்டாத வேலை என்று சொல்லிவிட முடியாது. ஒன்றும் தெரியாத ஆள் குறைந்த விலைக்கு எடுத்து, பாதியில் ஜல்லியைக் கொட்டிப் போட்டுவிட்டு ஓடினால் ஊருக்குத்தான் நஷ்டம். பழைய மண் பாதையும் போச்சு, புது ரோடும் இல்லை. அதைத் தடுக்கத்தான் இவ்வளவும். ஆனால் அந்தச் சல்லடையில் ஓட்டை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஓட்டை அளவைத் தீர்மானிப்பவர் கிட்டத்தட்ட ஜெயிக்கிறவரையும் தீர்மானித்துவிடுகிறார்.

இந்த விஷயத்தில் 1979ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. ரமண தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர் கேட்டார்கள். பதிவு பெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரராக, குறைந்தது 5 வருஷ அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எடுத்தவரோ கேன்டீன் நடத்தியவர், ஓட்டல்காரர் அல்ல. அனுபவம் இருக்கிறதே, என்ன கெட்டுப்போயிற்று என்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். வழக்குப் போட்டவர் சொன்னது என்ன தெரியுமா? 'எனக்கும்தான் அந்தத் தகுதி இல்லை. தளர்த்துவீர்கள் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேனே!'

நீதிபதி பகவதி அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார். நிபந்தனை என்று ஒன்றை அறிவித்துவிட்டால் அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டும், ஒருவருக்காக மட்டும் தளர்த்துவது டெண்டர் போடாமல் வீட்டில் இருந்துவிட்டவர்களுக்கும் செய்கிற அநீதி என்பதே சாரம். (ஆனால் அவருக்குப் பரிகாரம் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தார், எடுத்தவர் அதற்குள் கையைவிட்டுச் செலவு செய்திருந்தார், வழக்கில் மனுதாரருக்கு உண்மையான அக்கறை இருப்பதாகவும் கோர்ட் நம்பவில்லை. சட்டப் புத்தகங்களில் நிரந்தரமாக இடம் பிடித்தவர் கையில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போனார்.)

வராதவரை ஒரு கோர்ட் கணக்கில் எடுத்துக்கொண்டது இந்த வழக்கின் விசேஷம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் மேல்முறையீடு உண்டு. ஏற்பு உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் போகலாம். ஆனால் போகக்கூடியவர் யார்? டெண்டர் போட்டவர். சால்வன்சி இல்லாமல் டெண்டரே போட முடியாத மேஸ்திரிக்கு அந்தக் கதவும் கிடையாது.

சரி, வந்தவர்களுக்குள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரும்பாலும் 'எல்-1', அதாவது தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவர். அந்த விலையும் அதிகம் என்று தோன்றினால் குறைக்கச் சொல்லிப் பேசலாம். அதையும் அவர் ஒருவரிடம்தான் பேசலாம், இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுப் பேரம் நடத்தக்கூடாது.

குறைந்த விலைக்காரர் எப்படிக் குறைந்த விலைக்காரர் ஆனார் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொருளாதாரத்தில் இதை ஜெயித்தவரின் சாபம் என்கிறார்கள். 1971ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் இன்ஜினியர்கள் மூன்று பேர், கேப்பன், கிளாப், காம்ப்பெல், கடலடி எண்ணெய் வயல் ஏலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வயலில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லாரும் குத்துமதிப்பாகக் கேட்கிறார்கள். யார் மிக அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டாரோ அவர்தான் ஜெயிக்கிறார். ஏல ஆராய்ச்சிக்காக 2020ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய மில்க்ரோம், வில்சன் இருவரும் இந்தச் சாபத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசியவர்கள்.

மலை ரோட்டில் இது அப்படியே பொருந்தும். கீழேயிருந்து எஸ்டிமேட்டை மட்டும் பார்த்து விலை போடுகிறவருக்கு எந்த இடத்தில் பாறை வரும், எத்தனை மாதம் மழையில் லாரி ஏறாது என்பது தெரியாது. தெரிந்தவர் பயந்து அதிகம் கேட்பார், தோற்பார். தெரியாதவர் துணிந்து குறைவாகக் கேட்பார், ஜெயிப்பார். பிறகு உண்மை தெரிய வரும்போது ஜல்லியின் கனம் குறையும், அல்லது வேலை நிற்கும். மதிப்பீட்டைவிட மிகக் குறைவாகக் கேட்டவரிடம் கூடுதல் காப்புத் தொகை வாங்குவதெல்லாம் இந்தப் பயத்தால்தான். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டவரே 5 வருஷம் பராமரிக்க வேண்டும் என்று வைத்தது இதைவிடக் கெட்டிக்காரத்தனம். மட்டமாகப் போட்டால் அவர் கையையே கடிக்கும்.

மலைகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தாலே ரோடு உண்டு என்று அந்தத் திட்டம் சொன்னது. சமவெளியில் 500. ஆனால் கல்வராயன் மலையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே காடு இருக்கிறது. டெண்டர் முடிந்து கான்ட்ராக்டர் மிஷினோடு வந்து நிற்கும்போது வனத்துறை அனுமதி எங்கே என்ற கேள்வி வந்தால் அன்றோடு வேலை நிற்கும். 2006ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கிராம சபை பரிந்துரைத்தால், 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் ரோட்டுக்குக் காட்டு நிலம் தரலாம். இதை டெண்டருக்கு முன்னால் முடித்தால் ஒரு கதை, பின்னால் தேடினால் வேறு கதை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயத்தில் 60க்கும் மேற்பட்டோர் செத்துப்போன பிறகுதான் நாட்டின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிற ஊர்களுக்கு ரோடு என்பது ஒன்றரை கிலோமீட்டர் தார் மட்டும் இல்லையே.

வர முடியாதவர்களை வரவைக்க வேறு இடங்களில் முயன்றிருக்கிறார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் தங்கள் டெண்டர் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய்வரையிலான வேலைகளில் ஒரு பங்கைத் தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் கான்ட்ராக்டர்களுக்கு ஒதுக்கினார்கள். பிறகு அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தினார்கள். அதிலும் பினாமி வரலாம் என்பார்கள். வரலாம்தான். ஆனால் பினாமியாக வந்தாலும் முடிப்புச் சான்று மேஸ்திரி பெயரில் எழுதப்படும். அடுத்த டெண்டரில் முதல் கவருக்குள் வைக்க ஒரு காகிதம் அவரிடம் இருக்கும்.

நம்முடைய மேஸ்திரிக்கு அது இல்லை. டெண்டரை வழக்கம்போலக் கீழே இருக்கிற ஒருவர் எடுத்தார். ஒரு வாரத்தில் மேஸ்திரிக்குப் போன் வந்தது, ஆளோடு வரச் சொல்லி. எஸ்டிமேட்டில் இருக்கிற ரேட்டு ஒன்று, இவருக்குச் சொன்ன ரேட்டு ஒன்று. மறுத்தால் வெளியூர் செட்டு வரும், ஊர் ரோடு கெட்டுப்போகும். ஒத்துக்கொண்டார்.

ஊர் எல்லையில் போர்டு வைத்தார்கள். திட்டத்தின் பெயர், மதிப்பீடு, நீளம், ஒப்பந்ததாரர் பெயர். மூன்றாவது வளைவில் தண்ணீர் இறங்குமா என்று சந்தேகம் வந்தபோது இன்ஜினியர் போர்டில் இருந்த பெயரைக் கூப்பிடவில்லை. "மேஸ்திரி எங்கப்பா?" என்றுதான் கேட்டார்.